ஒழுகாத பெட்டி

ஒருவர் தன் வேலையைக் குறையில்லாமல் செய்ததற்காகக் குற்றவாளி ஆக முடியுமா? வாசிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கேள்வியைப் புத்தகங்களில் சந்தித்திருப்பார்கள். அங்கே அதற்கு நேர்த்தியான பதில்களும் இருக்கும். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய இரண்டு அறைகளில் குடியிருந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையும் இதையேதான் கேட்டது. பதில்தான் அங்கே நேர்த்தியாக வரவில்லை.

அவரை எல்லோரும் ரப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். அது கேலிப்பேர் அல்ல. அவர் வேலை செய்த பட்டறையில் இரைச்சல் அதிகம். முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டால் பாதிதான் போய்ச் சேரும். அதனால் அவரவர் செய்யும் வேலையே அவரவர் பேர். இவர் ரப்பர். இவருடைய கணவர் குமிழி. இவருடைய தம்பி வால்வு. முதலாளிக்கும் அப்படி ஒரு பேர் உண்டு. அவர் இல்லாத நேரத்தில் மட்டும் சொல்வார்கள்.

அந்தப் பட்டறையில் தண்ணீருக்கடியில் எரியும் விளக்குகள் செய்தார்கள். நீச்சல் குளத்துச் சுவரில் பதிப்பவை, படகுத்துறைத் தூணில் மாட்டுபவை, முக்குளிப்பவர்கள் கையோடு எடுத்துப்போகிறவை. ஒரு அலுமினியப் பெட்டி. அதன் வாயில் கனத்த வட்டக் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம். கண்ணாடி நழுவி விழாமலிருக்க மேலே ஒரு மெல்லிய தகட்டு வளையம், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஸ்க்ரூ. அவ்வளவுதான் விஷயம். ரப்பரை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, பெட்டியின் வாயில் உட்காரவைப்பது இவர் பாடு. கைவேலை சுத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் சொல்வதை நான் லேசில் ஒப்புக்கொள்கிறவன் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக் குக்கர் மூடிக்கு அவர் வெட்டிக் கொடுத்த வளையம் இன்றுவரை ஒரு பொட்டு ஆவியை வெளியே விட்டதில்லை.

தாய் இறந்தபோது தம்பி கைக்குழந்தை. இவர் பாவாடை கட்டிய சிறுமி. தூக்கி வளர்த்தது இவர்தான். கல்யாணமாகி வந்தபோது தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். "எனக்குச் சீர்னு வந்தது இவன் ஒருத்தன்தான்" என்று கணவர் கடைசிவரை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மாமியாருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா?" என்று முதல் நாளே கேட்டவர் அவர். ரப்பருக்குப் பிள்ளை பிறக்கவில்லை. தம்பியே பிள்ளையானான். அவன் முப்பதைத் தொட்டும் ஒரு வேலையிலும் நிலைக்காமல் திரிந்தபோது, கணவரிடம் சொல்லிச் சொல்லி அவனைப் பட்டறைக்குள் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

இனி பட்டறையில் நடந்த சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது புரியாமல் அவரையும் புரிந்துகொள்ள முடியாது.

விளக்குப் பெட்டி ஒழுகுகிறதா என்று பார்க்க ஒழுங்கான வழி ஒன்று இருந்தது. கனத்த இரும்புப் பீப்பாய்க்குள் பெட்டியை வைத்து, தண்ணீர் நிரப்பி, அந்தத் தண்ணீரை வெளியிலிருந்து அழுத்துவது. ஆழத்தில் கிடக்கும்போது பெட்டிக்கு என்ன நடக்குமோ அதேதான் பீப்பாய்க்குள்ளும் நடக்கும். பிறகு எடுத்துத் துடைத்து, திறந்து, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு பெட்டிக்கே அரைநாள் போய்விடும். ஒழுகியது தெரிந்தாலும் எங்கே ஒழுகியது என்று தெரியாது.

குமிழி அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். பெட்டிக்குள் வயர் போகும் துளை வழியாகச் சைக்கிள் பம்பால் காற்றடித்து, பெட்டியைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடிப்பார். பஞ்சர் ஒட்டுகிறவர் செய்வதுதான். எங்கே ஓட்டையோ அங்கே குமிழி வரும். முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார். குமிழி என்ற பேரும் வந்தது. சைக்கிள் பம்ப் இருந்தவரை ஆபத்தும் பெரிதாக இல்லை. கை வலித்தால் மனிதன் நிறுத்திவிடுவான். பிறகு பெயின்ட் அடிக்கும் பகுதிக்குக் கம்ப்ரஸர் வாங்கினார்கள். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயை இழுத்துத் தொட்டிக்குக் கொண்டுவந்தார்கள். நடுவில் ஒரு வால்வு. அதைத் திறந்து மூட ஓர் ஆள் வேண்டும். தம்பிக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். கம்ப்ரஸருக்குக் கை வலிக்காது என்பதை யாரும் யோசிக்கவில்லை. அழுத்தம் காட்டும் முள் கம்ப்ரஸர் பக்கம், தகரத் தடுப்புக்கு அப்பால் இருந்தது. தொட்டியருகே நிற்பவர்களுக்கு ஒரே அளவுகோல் குமிழிதான். வந்தால் நிறுத்து, வராவிட்டால் இன்னும் கொஞ்சம் விடு.

"காத்து பட்டுச் செத்தவன் எங்கயாவது உண்டா?" என்று குமிழியே சொல்வாராம்.

புருஷன் பெண்டாட்டிக்குள் தினமும் ஒரு பந்தயம் நடக்கும். அன்றைய பெட்டி ஒன்றிலாவது குமிழி வந்துவிட்டால் சாயங்கால டீ ரப்பர் செலவு. ஒன்றும் வராவிட்டால் கணவர் செலவு. கணவர் வாங்கிக் கொடுத்த டீதான் அதிகம்.

ஒருநாள் தொட்டிக்கு வந்தது புது ஆர்டர்ப் பெட்டி. அதுவரை செய்த பெட்டிகளின் கண்ணாடி சாப்பாட்டுத் தட்டு அளவு. இது துணி அலசும் பேசின் அளவு. ரப்பர் வளையத்தை உட்காரவைத்து, துடைத்து, தானே தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டிக்கரையில் வைத்தார்.

"இந்தாங்க. இதுலயும் குமிழி வராது. டீக்குச் சில்லறை எடுத்து வச்சுக்கோங்க."

"பெரிய பெட்டிடி. பெருசுல பொத்தல் இருக்கும்."

"உங்க சட்டைப் பையிலதான் பொத்தல்."

"மாப்ளே, கேட்டியா உங்கக்கா பேச்சை? இன்னைக்கு ஒரு குமிழியாவது பாக்காம விடமாட்டேன்."

"நீங்க சொல்லுங்க அத்தான், நான் திறக்கிறேன்" என்றான் தம்பி.

ரப்பர் சிரித்துக்கொண்டே தடுப்புக்கு அப்பால் தன் மேசைக்குத் திரும்பினார். குமிழி தொட்டிமேல் குனிந்தார். மிகச் சின்னக் குமிழி கண்ணாடியின் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்க முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார். தம்பி விட்டான். வரவில்லை. இன்னும் கேட்டார். அவன் இன்னும் திறந்தான். ஓட்டையுள்ள பெட்டியாக இருந்திருந்தால் காற்று எங்கேயாவது கசிந்து வெளியேறியிருக்கும். அவர் உயிரோடு டீ குடித்திருப்பார். இது ஒழுகாத பெட்டி. போன காற்றெல்லாம் உள்ளேயே நின்றது.

சத்தம் கேட்டு ரப்பர் ஓடிவந்தபோது தரை முழுக்கத் தண்ணீர். கண்ணாடி உடையவில்லை, முழுதாக மேலே கிளம்பி, கணவர் முகத்தில் மோதி, சுவரோரம் போய் விழுந்து கிடந்தது. முதலில் அவர் கண்ணில் பட்டது காலடியில் கிடந்த வளையம்தான். ஒரு கீறல் இல்லை. குனிந்து அதை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் கணவர் பக்கம் திரும்பினார் என்று அங்கே இருந்தவர்கள் சொல்வார்கள். சிலர் அதைக் குறையாகவும் சொல்வார்கள். அந்த நொடியில் கண் எங்கே போகும் என்பதை யாரும் முன்கூட்டித் தீர்மானித்துக்கொள்வதில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் கணவர் உயிர் போய்விட்டது. தம்பி வால்வைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றிருந்தான். இரண்டு பேர் சேர்ந்துதான் அவன் விரல்களைப் பிரித்தார்கள்.

சில நாள் கழித்துத் தொழிற்சாலைகளைப் பார்வையிடும் அதிகாரி வந்தார். வீட்டுக்கும் வந்து, மாமியாருக்கும் மருமகளுக்கும் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, அந்தப் பெட்டி தண்ணி வெளியில இருந்து அழுத்தும்னு நினைச்சுச் செஞ்சது. வெளியில இருந்து அழுத்துனா கண்ணாடி இன்னும் இறுகி உட்காரும். தண்ணிதான் அதுக்குப் பூட்டு. உள்ள இருந்து தள்ளுனா, தாங்கிப் பிடிக்க அந்தத் தகடும் சின்ன ஸ்க்ரூவும்தான். சின்னக் கண்ணாடி எப்படியோ தாங்கிடுச்சு. இது பெருசு. அழுத்தம் அதேதான்னாலும் கண்ணாடி பெருசாகப் பெருசாக மொத்தத் தள்ளு கூடும். சரக்கு ஏத்துன வேன் ஒண்ணு உள்ள இருந்து அந்தக் கண்ணாடிமேல ஏறி நின்ன மாதிரி."

"வெறும் காத்துக்கா அவ்வளவு பலம்?" என்றார் மாமியார்.

"காத்துங்கிறதாலதாம்மா. உள்ள தண்ணிய அடைச்சிருந்தா, மூடி விலகுனதும் கொஞ்சம் சிந்திட்டு நின்னிருக்கும். காத்து சுருங்கிச் சுருங்கி உள்ள காத்திருக்கும். விட்டா மொத்தமா வெளிய வரும்."

"அப்ப தப்பு யாரோடது?"

"காத்தை உள்ள விட்டதுதாம்மா தப்பு."

"விட்டது யாரு?"

அதிகாரி கேட்டது வேறு: இப்படிச் சோதிக்கலாம் என்று யார் முடிவு செய்தார்கள்? பட்டறையிலும் இதையே கேட்டிருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். யாரும் முடிவு செய்யவில்லை. சைக்கிள் பம்பிலிருந்து அது தானாக வளர்ந்தது. முதலாளி தடுத்திருக்க வேண்டும், தட்டிக்கொடுத்தார். ஆனால் துக்கத்தில் இருக்கும் ஒரு தாய்க்கு "தானாக வளர்ந்தது" என்பது ஒரு பதிலா? அவருக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது மருமகளின் தம்பி முகம்.

தம்பி ஒரே ஒருமுறை வாசல்வரை வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எம்புள்ளையத் தின்னுட்டு இப்ப சோத்துக்கு வந்தியா?"

"இல்ல அத்தை. அக்காவைப் பாத்துட்டு…"

"நான் உசிரோட இருக்கிற வரைக்கும் உன் கால் இந்தப் படிய மிதிக்கக் கூடாது."

அவன் மாமியாரின் தோளுக்கு மேலாக அக்காவைப் பார்த்தான். "அக்கா, நீ சொல்லு. நீ போன்னு சொன்னா போயிடறேன். என்னன்னு நீ சொல்லு."

ரப்பர் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார். போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

அவரைப் பொறுமைசாலி என்று அக்கம்பக்கத்தில் புகழ்ந்தார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் சம்மதமில்லை. தான் வளர்த்த பிள்ளை வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்கிறான். அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்கு எல்லாம். அதைக் கொடுக்காமல் இருப்பது பொறுமையா? கொடுக்கத் தன்னிடம் எதுவும் இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அவனுடைய கை காற்றை விட்டது. காற்றை அடைத்து வைத்தது தன்னுடைய வளையம். அவனை மன்னிப்பதென்றால் கூடவே தன்னையும் மன்னித்துக்கொள்ள வேண்டும். தண்டிப்பதென்றாலும் அப்படியே.

தம்பி பட்டறைப் பக்கமே போகவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்துக்கொண்டு, கார் கழுவும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அந்தத் தெருவில் பொதுக்குழாய் ஒன்றுதான். அவன் முறை வந்தால் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். குழாயை மயிரிழை மயிரிழையாகத் திறப்பான். "ஏம்ப்பா, தங்கமா வரப்போகுது? திருகேன்!" என்பார்கள். அவன் காதில் விழாததுபோல் திருகிக்கொண்டிருப்பான். ரப்பர் வேலைக்குப் போகும் வழி அதுதான். எதிர்ப்பக்கம் நின்று ஒரு குடம் நிறையும்வரை பார்த்துவிட்டுப் போவார். அவன் பார்ப்பதற்குள் நகர்ந்துவிடுவார்.

பட்டறையில் சிறிது காலம் எல்லாப் பெட்டியும் பழையபடி இரும்புப் பீப்பாய்க்குள் போயின. பிறகு வேலை தேங்குகிறது என்று முதலாளி அதிகாரியிடம் பேசி, காற்றுச் சோதனையை வேறுவிதமாக ஏற்பாடு செய்தார். ஒரு அளவுக்கு மேல் காற்றே போகாதபடி தடுக்கும் கருவி. அதையும் மீறினால் தானாகத் திறந்துகொள்ளும் இன்னொரு வால்வு. முள் கண்ணெதிரே, சிவப்புக் கோட்டோடு. தொட்டிமேல் கனத்த இரும்பு வலை. பெரிய பெட்டிகள் பீப்பாய்க்கு மட்டும். பெயின்ட் பகுதியிலிருந்து ஒருவரைத் தொட்டிக்கு மாற்றினார்கள்.

அந்த வாரத்திலிருந்து பெட்டிகள் ஒழுக ஆரம்பித்தன.

முதலில் ஒன்றிரண்டு. பிறகு பாதிக்குப் பாதி. தொட்டியில் வைத்ததுமே பொலபொலவென்று குமிழி. முதலாளி ரப்பரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"என்ன ரப்பர், கண்ணு மங்கிப்போச்சா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு."

முதலாளி ஒரு வளையத்தை மேசைமேல் வைத்தார். உள்விளிம்பில் முடியளவு ஒரு கீறல். "இது தானா விழுந்ததா, நீயா போட்டதா?"

"நான்தான்."

முதலாளி கத்துவார் என்று வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றவர்கள் நினைத்தார்கள். அவர் கத்தவில்லை. "ஏம்மா?" என்றார்.

"ஒழுகுற பெட்டி யாரையும் அடிக்காது."

"அதுக்குத்தான் வலை போட்டிருக்கு, அளவு வச்சிருக்கு. இன்னும் என்ன பயம்?"

"அவரும் பயப்படலைங்க."

முதலாளி வளையத்தைக் கையில் எடுத்து விரலால் கீறலைத் தடவிப் பார்த்தார். "சரி. ஒரு பேச்சுக்குச் சொல்றேன். சோதனையில தப்பி இது ஒண்ணு வெளிய போயிடுது. ஒரு குளத்துல மாட்டுறாங்க. பிள்ளைங்க குளிக்குது. பெட்டிக்குள்ள தண்ணி போனா கரண்டு வெளிய வரும். அப்ப?"

ரப்பர் கையை நீட்டி அந்த வளையத்தை வாங்கிக்கொண்டார்.

"ஒழுகாத பெட்டி உன் வீட்டுக்காரரைக் கொன்னுச்சு. அதுக்காக ஒழுகுற பெட்டி நல்லதாயிடுமா?"

அந்த முதலாளியைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. சைக்கிள் பம்பைக் கம்ப்ரஸராக மாற்றிய அன்று இந்த நிதானம் அவருக்கு இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் அன்று அவர் கேட்டது சரியான கேள்விதான். தன் கைச் சுத்தத்திலிருந்து ஓடிப்போக அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே சந்தும் அதோடு அடைபட்டது.

ரப்பர் சொன்னார்: "இனிமே நான் கீற மாட்டேன். ஆனா தொட்டிகிட்ட நான் நிக்கிறேன். என் பெட்டிய நானே பாத்துக்கிறேன்."

"குமிழி நின்ன இடத்துலயா?"

"அங்கதான்."

"மனசு தாங்குமா?"

"வால்வுல நான் சொல்ற ஆளு நிக்கணும்."

"யாரு?"

அவர் யார் என்று சொன்னதும் முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ரப்பர் எதிர்ப்பக்கம் நிற்கவில்லை. தெருவைக் கடந்து குழாயடிக்கே போனார். தம்பி குனிந்து திருகிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது குடம் கையிலிருந்து நழுவியது.

"அக்கா."

"குடத்தை உள்ள வச்சிட்டுக் கிளம்பு. பட்டறைக்குப் போகணும்."

"எதுக்கு?"

"வால்வு பிடிக்க."

அவன் கையை உதறிக்கொண்டான், சூடு பட்டதுபோல. "முடியாதுக்கா. என் கை…" நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டான்: "தொட்டியில யாரு?"

"நான்."

வரிசையில் நின்ற யாரும் முணுமுணுக்கவில்லை. அவன் முகம் கோணிக்கொண்டு வந்தது. "நீ என்னை மன்னிச்சிட்டியா, இல்ல இதுதான் எனக்குத் தண்டனையா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுக்கா. எதுவா இருந்தாலும் வரேன்."

"சாப்பிட்டியா?" என்றார் ரப்பர்.

"இல்ல."

"அங்க போய்ச் சாப்பிட்டுக்கலாம். வா."

அன்று காலை டப்பாவில் இரண்டு ஆளுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பதைப் பார்த்தபோதே மாமியாருக்குப் புரிந்துவிட்டது. "எம்புள்ளை செத்த இடத்துல, அவனைக் கொன்ன கைக்கு முன்னாடி நீ போய்த் தலைய நீட்டப் போறியா? எதுக்குடி? எனக்கு ஒரு காரணம் சொல்லு, வாயை மூடிக்கிறேன்" என்று கேட்டார். ரப்பர் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "உங்களுக்கு டீ அங்க வச்சிருக்கேன் அத்தை, ஆறிடப்போகுது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பிறகு பல வருஷம் அதே வீட்டில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். கேட்டவருக்குப் பதில் கிடைக்கவில்லை. நாங்களும் சுற்றிவளைத்துக் கேட்டிருக்கிறோம். பேச்சு எப்போதும் ரப்பர் விலையில் போய் முடியும்.

பட்டறையில் அன்று அத்தனை பேரும் கைவேலையை விட்டுவிட்டு நின்றார்கள். ரப்பர் தன் கையால் ஒரு வளையத்தை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பெட்டியின் வாயில் உட்காரவைத்தார். கண்ணாடியை மாட்டி ஸ்க்ரூவை முடுக்கினார். தொட்டியில் இறக்கினார். வலையை இழுத்து மூடினார். முள்ளைப் பார்த்தார். தம்பி வால்வைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

கணவர் நின்ற அதே இடத்தில் நின்று, நெற்றி இரும்பு வலையில் படும்வரை ரப்பர் குனிந்தார்.

"திற" என்றார்.